அப்பா வண்டியின் செல்ஃப் மோட்டார்

அப்பா இறந்தபோது தம்பிக்கு வேலை கிடைத்தது, எனக்கு வண்டி கிடைத்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, வண்டியாச்சும் குடுத்தாங்களே" என்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். எங்கள் டவுன்ஷிப்பில் இது நடக்காத வீடு குறைவு.

சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருக்கும் ஒருவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் குடும்பத்தில் ஒருவர் வேலை கேட்கலாம். ஒரே ஒருவர்தான். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். வேலை கேட்க அவனுக்கு வயது வரவில்லை. எனக்கு வயதும் இருந்தது, படிப்பும் இருந்தது.

காரியம் முடிந்த கையோடு கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, டம்ளரைப் பார்த்துத்தான் பேசினார்கள். கடைசியில் அம்மா வாயைத் திறந்தாள்.

"பொட்டப் புள்ளைக்கு வாங்கிக் குடுத்தா நாளைக்கு வேற வூட்டுக்குத்தான போவும்? அவனுக்கு வயசு வர வரைக்கும் காத்துகினு இருக்கலாம்."

காத்துக்கொண்டிருந்தோம். கையில் இருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மழைக்குக் காத்திருப்பது மாதிரி, வேலைக்குத் தயாராக நான் வீட்டில் இருக்க, அவனுக்கு வயது வரட்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். வந்தது. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், கோணல்மாணல் இல்லாமல். அம்மா சொன்ன அந்த வேறு வீட்டுக்கும் போனேன். அது சரிப்படாமல் திரும்பியும் வந்தேன். தம்பிக்குக் கிடைத்த வேலை மட்டும் எங்கேயும் போகவில்லை, இன்றுவரை அவனிடமே இருக்கிறது.

அப்பா போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, எனவே சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் வந்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த பழைய ஃபேன், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டுச் சொந்தக் காசில் நல்லதாக மாட்டிக்கொள்வார்கள். காலி செய்யும்போது தங்களுடையதைக் கழற்றிக்கொண்டு, பரணில் இருக்கிற பழசை மாட்டி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். வரும்போது எப்படி இருந்ததோ அப்படி. ஒழுகும் குழாய் என்றால் ஒழுகும் குழாய்தான். அதனால் எங்கள் ஊரில் கெட்டுப்போன எதையும் யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. அப்பாவும் ஒரு சாக்கில் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தார். அந்தச் சாக்கைப் பிரித்து, ஸ்டூல்மேல் ஏறி, அவர் வாங்கிய ஃபேனைக் கழற்றிவிட்டு, ஆடிக்கொண்டே சுற்றும் பழைய ஃபேனை மாட்டியது நான்தான். எலக்ட்ரீஷியன் படித்ததற்கு அன்று உபயோகம் இருந்தது.

வண்டி எனக்கு வந்தது யாரும் பெரிய மனதோடு கொடுத்ததால் அல்ல. வேலை வந்ததும் தம்பி புது வண்டி வாங்கினான். பழசு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. "அத அவ எடுத்துக்கட்டும்" என்றாள் அம்மா. அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. அன்றைக்குச் சுண்ணாம்பில் கொஞ்சம் பெட்ரோல் கலந்து கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. எங்கள் தெருவில் பட்டனை அமுக்கினால் கிளம்பும் வண்டியை முதலில் வாங்கியது அப்பாதான். காலை ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் திருப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "வா, அமுக்கு." நான் தூக்கக் கலக்கத்தோடு வந்து பட்டனை அமுக்குவேன். கிர்ர் என்று ஒரு இழுப்பு இழுத்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எதிர் வீட்டுக்காரர் தன் வண்டியை உதைத்துக்கொண்டிருப்பார். அப்பா அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவார். தம்பி அப்போது தூங்கிக்கொண்டிருப்பான். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் என்று இருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

இப்போது நான் மந்தாரக்குப்பத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். கருகிப்போன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்து, எரிந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றித் தருகிற வேலை. வீடு கம்மாபுரம் போகிற சாலையில், வாடகைக்கு. அங்கிருந்து கடைக்கு வர பஸ்ஸை நம்பினால் பாதிப் பொழுது போய்விடும். அதனால் வண்டி எனக்குக் கால் மாதிரி. உண்மையான வலது கால் அவ்வளவு உறுதி கிடையாது. ஒரு மழை நாளில் வடக்குத்து திருப்பத்தில் வழுக்கி விழுந்ததில் முட்டிக்குள் ஏதோ பிய்ந்து, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. நடக்கலாம், கிக்கரை உதைக்க முடியாது. உதைத்தால் அன்று முழுக்க முட்டி பேசிக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையில்தான் செல்ஃப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எங்கள் பக்கம் செல்ஃப் மோட்டார் என்றுதான் பெயர். பட்டனை அமுக்கினால் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். மோட்டார்மேல் ஸ்பேனர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் எடுக்கும். சில நாள் அப்படி ஓடியது. பிறகு தட்டினாலும் எடுக்கவில்லை.

ஒரு பெண் பழைய வண்டியோடு தெருவில் நின்றால் என்ன ஆகும் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வருவார். "தள்ளிக்கம்மா, நான் ஒதைக்கறேன்." உதைத்துக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை வேறு முறுக்கிக் காட்டுவார். "இத வித்துட்டு ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கம்மா. லேடீஸுக்கு எதுக்கு இந்த வண்டி?" உதவிதான் செய்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றினேன். பேட்டரியின் நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டு, மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளைப் பிரித்தேன். மோட்டாரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். அதில் ஒன்று கையும் நுழையாத, ஸ்பேனரும் திரும்பாத இடத்தில் இருந்தது. அப்படி ஒரு இடத்தில் போல்ட்டை வைத்தவன் தன் வாழ்நாளில் அதைக் கழற்றியிருக்க மாட்டான். விரல் கணுவெல்லாம் தோல் உரிந்த பிறகு அசைந்துகொடுத்தது. மோட்டாரை ஆட்டி ஆட்டி இழுத்ததும் கூடவே கொஞ்சம் ஆயில் வடிந்தது.

உள்ளே பிரித்துப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து நகக்கண் அளவுக்கு இருந்தது. அது மட்டும் என்றால் மாற்றிவிடலாம். காந்தமே விண்டு, சுற்றுகிற பாகத்தில் உரசி உரசிக் கம்பியைத் தின்றிருந்தது. கம்பி சுற்றிப் பிழைக்கிற என் கையாலேயே அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே மண்டியிருந்த கரித்தூளை ஊதித் துடைத்தேன். கையெல்லாம் கறுப்பு. கடையில் தினமும் ஆகிற கறுப்புதான், அன்றைக்கு மட்டும் கழுவ மனம் வரவில்லை.

புது மோட்டாருக்கு அலைந்த அலைச்சலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மாடல் வண்டி வருவது நின்று பல காலம் ஆகிவிட்டது. விருத்தாசலத்தில் இல்லை, பண்ருட்டியில் இல்லை. கடலூரில் ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடையில், மேல் தட்டில், தூசி படிந்த பெட்டிக்குள் ஒன்று இருந்தது. "இத கேட்டு யாருமே வர்றதில்லம்மா. இது ஒண்ணுதான் கெடக்குது. இதுக்கப்புறம் கெடைக்காது" என்றார் கடைக்காரர். வேறு எந்த வண்டிக்காவது ஆகுமா என்று கேட்டேன். ஆகாது என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன்.

மாட்டும்போது முட்டியும் வலிக்கவில்லை, விரலும் எரியவில்லை. ரப்பர் வளையத்துக்கு ஆயில் தடவி, மோட்டாரை உள்ளே தள்ளி, பல் சரியாக உட்கார்ந்ததா என்று அசைத்துப் பார்த்து, போல்ட்டை முறுக்கி, கேபிளை மாட்டினேன். சாவியைத் திருப்பிப் பட்டனை அமுக்கினேன். கிர்ர். பிடித்துக்கொண்டது. நிறுத்திவிட்டு மறுபடியும் அமுக்கினேன். அன்று எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். செத்த மோட்டாரை ஒரு பழந்துணியில் சுற்றி அலமாரிக்கு அடியில் வைத்தேன். ஏன் வைத்தாய் என்று கேட்டால், டவுன்ஷிப்பில் வளர்ந்தவள், அவ்வளவுதான்.

நான் நிம்மதியாகப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது கொஞ்ச நாள்தான். அம்மா வந்தாள். அம்மா தம்பியோடு இருக்கிறாள். காரியம் இல்லாமல் என் வீட்டுக்கு வரமாட்டாள், அதனால் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும்.

"வூடு முடிஞ்சிடுச்சிடி. முன்னால போர்ட்டிகோ பெருசா வுட்டு வெச்சிருக்கான். அங்க அப்பா போட்டோவ மாட்டி, கீழ அப்பா வண்டிய நிறுத்தணும்னு ஆசப்படுறான்."

"அந்த வண்டியிலதாம்மா நான் வேலைக்குப் போறேன்."

"தெரியும்டி. அவம் பொண்டாட்டி ஸ்கூட்டி சும்மாதான் நிக்குது. அத உனக்குக் குடுத்துடறேன்றான். அப்பா ஞாபகமா அவங்கிட்ட ஒண்ணுமே இல்லடி, பாவம்."

ஒன்றுமே இல்லையாம். மாதம் பிறந்தால் அவன் வாங்குகிற சம்பளம் யாருடைய ஞாபகம்? அவன் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், அம்மா மருந்து வாங்குகிற ஆஸ்பத்திரி, வடக்குத்தில் எழும்பி நிற்கிற மாடி, இதெல்லாம் யாருடைய ஞாபகம்? கேட்டிருக்கலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் வீட்டில் வயிறு அவனுக்கு, வாய் எனக்கு. அந்த வாயும் அன்று வேலை செய்யவில்லை.

"நீதான் எப்பவும் வுட்டுக் குடுக்கறவ" என்றாள் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு. புகழ்ச்சியாகத்தான் சொன்னாள்.

ஒரு தடவை விட்டுக்கொடுத்துவிட்டால் ஊர் அதை உன் குணம் என்று வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை மறுத்தால் நீ மாறிவிட்டாய் என்று சொல்லும். "சரி. ஸ்கூட்டி வேணாம்" என்றேன். "ஏண்டி, எதுல போவ?" என்றாள். பஸ்ஸில் என்றேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் வந்த காரியம் முடிந்த முகம் மறைக்க முடியாமல் தெரிந்தது.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். கெட்டவன் இல்லை அவன். அவன்மேல் முழுசாகக் கோபப்பட முடியாமல் போவதுதான் எனக்கு இன்னும் கோபம். "அக்கா, ரொம்ப தேங்க்ஸ்க்கா. கிரகப்பிரவேசத்தன்னிக்கு அப்பா வண்டிதான் மொதல்ல வீட்டுக்குள்ள வரணும். நானே ஓட்டிட்டு வரப் போறேன். அப்பா வர்ற மாதிரியே இருக்கும்ல?" என்றான். இருக்கும் என்றேன்.

வண்டியை எடுக்க அவன் வருவதற்கு முந்தின மாலை, கடையிலிருந்து வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெகட்டிவை எடுத்தேன். அந்தப் பாழாய்ப்போன போல்ட்டை மறுபடி கழற்றினேன். புது மோட்டாரை வெளியே எடுத்துவிட்டு, அலமாரிக்கு அடியில் இருந்த செத்த மோட்டாரை மாட்டினேன். எங்கள் ஊர் வழக்கம். நம்முடையதைக் கழற்றிக்கொண்டு, வந்தபோது இருந்ததை ஒப்படைப்பது. இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை என்றும் சொல்லிக்கொண்டேன். இங்கே எடுக்கும்போது டீக்கடையில் யாரையாவது உதைக்கச் சொல்லி, எஞ்சின் ஓடும்போதே அவன் கையில் கொடுத்துவிடலாம். புது வீட்டு வாசலில், சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பட்டனை அமுக்குவான். டிக் என்று கேட்கும். மறுபடி அமுக்குவான். டிக். அவனுக்கு உதைக்கத் தெரியும், உதைத்துக் கிளப்பிவிடுவான், அதனால் ஒன்றும் குறையாது. ஆனால் ஒரு நிமிஷம், எல்லார் முன்னாலும், அவன் அக்கா எங்கே என்று தேட வேண்டும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

காலையில் தம்பி வந்தான். கூடவே ஒரு குட்டி யானை வந்தது. எங்கள் பக்கம் சின்ன லோடு வண்டிக்கு அதுதான் பெயர்.

"என்னடா, ஓட்டிகினு வரப் போறேன்ன?" என்றேன்.

"இல்லக்கா, பாலீஷ் போட ஒரு ஆளப் புடிச்சிருக்கேன். ரோட்ல ஓட்னா அழுக்காயிடும். அப்புறம் ஐயர் வேற மாடுதான் மொதல்ல உள்ள வரணும்ன்றாரு. அதனால நிப்பாட்டி மட்டும் வெச்சுடலாம்னு."

"கெளப்பிப் பாக்கலியா?"

"நீ வெச்சிருக்கற வண்டி. அதெல்லாம் சரியாதான இருக்கும்" என்றான்.

பலகை போட்டு வண்டியைத் தள்ளி ஏற்றினார்கள். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொடுத்தேன். ஏற்றிய பிறகு அவன் மறுபடி மேலே ஏறிப் போய், பக்க மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, நிக்கற வண்டிக்கு எதுக்கு இது? டைல்ஸ்ல ஆசிட் கீசிட் ஒழுகிடும். நல்ல பேட்டரி, நீயே வெச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்தான். நல்ல மனதோடுதான் கொடுத்தான். கனமாக இருந்தது.

கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் பேச்சாகிவிடும். போர்ட்டிகோவில் வண்டி பளபளவென்று நின்றது. ஹேண்டிலில் மாலை, டேங்கில் சந்தனமும் குங்குமமும். மேலே அப்பா போட்டோ. வந்தவர்கள் எல்லாம் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அவதான் குடுத்தா, பெரிய மனசு எம்பொண்ணுக்கு" என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வரும்போது நான் வண்டிப் பக்கம் போய்ப் பட்டன்மேல் விரலை வைத்தேன். ஒரு டிக்கூட வராது என்று எனக்குத் தெரியும். பேட்டரியே இல்லாத வண்டியில் மோட்டார் செத்ததா பிழைத்ததா என்று எவன் பார்க்கப் போகிறான்? நான் செய்ததை இந்த ஜன்மத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். என் ஒரு நிமிஷமும் போனது. விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

மறுநாள் காலை, கடைக்குப் புறப்படும் முன், பேட்டரியைத் தரையில் வைத்தேன். புது மோட்டாரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கடையில் மோட்டார் முடிந்ததும் கரண்ட் கொடுத்துச் சுற்ற வைத்துப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டோம், அந்தப் பழக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பட்டதும் துள்ளிக் குதிக்கும் என்பதால் செருப்புக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கம்பிகளைத் தொட வைத்தேன்.

சுற்றியது. நன்றாகச் சுற்றியது. முனையில் இருந்த பல் வெறும் காற்றில் விர்ரென்று போய்க்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்த சத்தம் அது இல்லை. அந்தச் சத்தம் எஞ்சினோடு சேர்ந்தால்தான் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கம்பியை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். கம்பி சுட்டதும் எடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.